கல்பர்ட்சன் – லென்ஸ் பிரிட்ஜ் பந்தயம்

கல்பர்ட்சன் – லென்ஸ் பந்தயம் என்பது 1931 டிசம்பர் 7 முதல் 1932 ஜனவரி 8 வரை நியூயார்க் நகரில் நடந்த கான்ட்ராக்ட் பிரிட்ஜ் சீட்டுப் போட்டி. ஒரு பக்கம் ஈலை கல்பர்ட்சன், மறுபக்கம் சிட்னி லென்ஸ். மொத்தம் 150 ரப்பர்கள், 879 கைகள் ஆடப்பட்டன. கல்பர்ட்சன் தரப்பு 8,980 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது. அமெரிக்கச் செய்தித்தாள்கள் இதை 'நூற்றாண்டின் பிரிட்ஜ் போர்' என்று கொண்டாடின. இரண்டு ஏல முறைகளில் எது சிறந்தது என்று முடிவுகட்டுவதற்காகத் தொடங்கிய போட்டி இது. ஆனால் எதிரே உட்காரும் ஜோடியோடு ஒத்துப்போவதே பிரிட்ஜின் உயிர்நாடி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய போட்டி வேறில்லை. இரு தரப்பிலும் ஜோடிகள் மாறின. ஒரு ஜோடி ஆட்டத்தின் நடுவிலேயே முறிந்தது.

பின்னணி

பிரிட்ஜை நால்வர் ஆடுகிறார்கள். எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம். எந்த ஜாதியைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று இரு ஜோடிகளும் மாறி மாறிக் கேட்கும். கடைசியாக உயர்த்திக் கேட்ட ஜோடி, சொன்ன அளவு பிடிகளை எடுத்துக் காட்ட வேண்டும். இலங்கைத் தமிழரிடையே வழங்கும் 304 ஆட்டம் தெரிந்தவர்களுக்கு ஏலமும் துருப்பும் ஜோடி ஆட்டமும் புதியவை அல்ல. பிரிட்ஜில் ஏலம் ஒரு மொழியாகவே வளர்ந்துவிட்டது என்பதுதான் வேறுபாடு. தன் கையை ஜோடியிடம் காட்டவும் கூடாது, வெளிப்படையாகச் சொல்லவும் கூடாது. கேட்கும் ஏலத்தின் வழியாக மட்டுமே உணர்த்த முடியும். எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்று ஜோடிகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் உடன்பாட்டுக்குத்தான் 'ஏல முறை' என்று பெயர்.

ஆக்ஷன் பிரிட்ஜ் என்ற பழைய ஆட்டத்தை மாற்றி, ஏலத்தில் கேட்ட பிடிகள் மட்டுமே ஆட்டக் கணக்கில் சேரும் என்ற அடிப்படையில் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை 1925-இல் வகுத்தவர் ஹரால்ட் வாண்டர்பில்ட். இதனால் ஏலத்தின் மதிப்பு ஒரேயடியாக உயர்ந்தது. குறைவாகக் கேட்டாலும் நட்டம், கூடுதலாகக் கேட்டாலும் நட்டம். சரியாகக் கேட்கக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் நூல்களுக்கும் பெரும் சந்தை உருவானது.

அந்தச் சந்தையைப் பிடித்தவர் கல்பர்ட்சன். ருமேனியாவில் 1891-இல் அமெரிக்கத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்தவர். 1929-இல் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழைத் தொடங்கினார். 1930-இல் அவருடைய 'கான்ட்ராக்ட் பிரிட்ஜ் புளூ புக்' வெளிவந்தது. அதே ஆண்டில் லண்டன் சென்று வால்டர் புல்லரின் ஆங்கில அணியை வென்று திரும்பினார். அவர் எழுச்சியைக் கண்டு, மில்டன் வொர்க், சிட்னி லென்ஸ் முதலிய மூத்த ஆசிரியர்கள் ஒன்றுகூடி 'அதிகாரபூர்வ முறை' என்ற பெயரில் மாற்று ஏல முறையை அறிவித்தார்கள். கல்பர்ட்சன் நேரடியாகச் சவால் விட்டார். லென்ஸ் ஏற்றுக்கொண்டார்.

நிபந்தனைகள்

கல்பர்ட்சன் 5,000 டாலரும் லென்ஸ் 1,000 டாலரும் பந்தயம் வைத்தார்கள். தோற்றவர் பணம் அறப்பணிக்குப் போகும். 150 ரப்பர்கள் ஆடிமுடிப்பது என்று ஒப்பந்தம். ஏலத்தில் கேட்டு எடுத்த பிடிகளால் குறித்த அளவு புள்ளி சேர்ந்தால் ஒரு 'கேம்'. ஒரு ஜோடி இரண்டு கேம்களை வெல்லும்போது ஒரு ரப்பர் முடியும். முதற்பாதி கல்பர்ட்சன் தங்கியிருந்த சாட்டம் ஹோட்டலிலும், பிற்பாதி அந்த ஆண்டுதான் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டிருந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலிலும் நடந்தன. நடுவராக அமர்ந்தவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்த லெப்டினன்ட் ஆல்ஃபிரட் குரூந்தர். பின்னாளில் ஜெனரலாக உயர்ந்து, 1953 முதல் 1956 வரை ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் இவரே.

நிருபர்கள் தடுப்புத் திரையின் இடுக்கு வழியாக ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொரு இரவின் கைகளும் தந்தி வழியே நாடெங்கும் போயின. பொருளாதார மந்தத்தில் வெளியே செலவழிக்க வழியற்றிருந்த குடும்பங்கள், மறுநாள் காலைச் செய்தித்தாளில் அந்தக் கைகளைப் படித்து, தங்கள் வீட்டு மேசையில் அதே சீட்டுகளைப் பரப்பி விவாதித்தன.

ஜோடிகள்

கல்பர்ட்சன் தரப்பின் முதன்மை ஜோடி ஈலையும் அவர் மனைவி ஜோசஃபினும். 150 ரப்பர்களில் 88-ஐ இருவரும் சேர்ந்து ஆடினார்கள். ஜோசஃபின் திருமணத்துக்கு முன்பே நியூயார்க்கில் பெயர் பெற்ற ஆட்டக்காரர், ஆசிரியர். இந்தப் போட்டியில் உட்கார்ந்த ஒரே பெண்ணும் அவர்தான். கணவர் தாமதமாக வந்தும், நெடுநேரம் யோசித்தும் எதிராளிகளின் பொறுமையைச் சோதித்தபோது, மேசையில் நிதானம் காத்தவர் அவர்.

அவர் ஓய்வெடுத்த நாட்களில் அந்த நாற்காலியில் முக்கியமாக அமர்ந்தவர் தியடோர் லைட்னர். எதிராளிகள் ஏறக்குறைய எல்லாப் பிடிகளையும் எடுப்பதாக 'ஸ்லாம்' கேட்கும்போது, அது தோற்கும் என்று சவால்விடும் 'டபுள்' சொல்லி, வழக்கத்துக்கு மாறான ஒரு சீட்டில் தொடங்குமாறு ஜோடிக்குக் குறிப்புக் காட்டும் 'லைட்னர் டபுள்' இவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. பெர்லினில் பிறந்த வால்டிமார் ஃபான் செட்விட்ஸ், ஹோவர்ட் ஷெங்கன், மைக்கேல் காட்லீப் ஆகியோரும் கல்பர்ட்சன் தரப்பில் ஆடினார்கள். இவர்கள் ஒவ்வொருவரின் சுபாவமும் வேறு. ஆனால் ஏல மொழி ஒன்றே. இரண்டில் தொடங்கும் வலுவான ஏலத்தைக் கேட்டால் கேம் எட்டும்வரை ஜோடி நிறுத்தக் கூடாது என்பது போன்ற விதிகள் எல்லாருக்கும் பொது. ஆள் மாறியும் பேச்சு மாறாதது இந்தத் தரப்பின் பெரும்பலம்.

லென்ஸ் தரப்பின் கதை வேறு. லென்ஸ் 1873-இல் பிறந்தவர். தொழிலில் பொருள் ஈட்டி இளம்வயதிலேயே ஓய்வுபெற்று, பிரிட்ஜ் உட்படப் பல ஆட்டங்களில் தேர்ந்தவர். சீட்டு வித்தையில் தொழில்முறை மாயக்காரர்களுக்கு நிகரான கைத்திறன் இருந்ததால், தன்மேல் ஐயம் எழக் கூடாதென்று பணம் வைத்துச் சீட்டாடுவதையே தவிர்த்தவர். அவர் தேர்ந்துகொண்ட ஜோடி ஆஸ்வால்ட் ஜேக்கபி. 21 வயதிலேயே காப்பீட்டுக் கணிதத் தேர்வுகளை முடித்த மேதை. போட்டி தொடங்கிய மறுநாள் அவருக்கு 29 வயது நிறைந்தது. லென்ஸுக்கு அப்போது 58. வயதில் மட்டுமல்ல, ஆட்டத்திலும் இருவருக்கும் இடையே ஒரு தலைமுறை இடைவெளி இருந்தது. லென்ஸின் ஏலம் கையில் உள்ளதை உள்ளபடி சொல்லும். ஜேக்கபியோ எதிராளியைக் குழப்புவதற்காகக் கையில் இல்லாததை இருப்பதுபோல் கேட்பதில் துணிந்தவர். அப்படிக் கேட்கும் ஏலம் எதிராளியை ஏமாற்றும் நேரத்தில், நம்பிக்கொண்டிருக்கும் ஜோடியையும் ஏமாற்றிவிடக் கூடும். இதுதான் இருவருக்கும் இடையே விரிசலாக விழுந்தது.

ஆட்டத்தின் போக்கும் ஜேக்கபியின் விலகலும்

முதல் இரவுகளில் லென்ஸும் ஜேக்கபியும் முன்னிலையில் இருந்தார்கள். டிசம்பர் நகர நகர நிலைமை திரும்பியது. கல்பர்ட்சன் தரப்பு முந்திச் சென்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனது. தோல்வி தொடரத் தொடர லென்ஸ் தன் ஜோடியின் ஏலங்களை மேசையிலேயே குறைசொல்லத் தொடங்கினார். டிசம்பர் இறுதியில் ஓர் இரவு, தற்காப்பில் ஜேக்கபி இறக்கிய சீட்டை அவர் கண்டித்தபோது, இளையவர் விலகிக்கொள்வதாக அறிவித்தார். 103 ரப்பர்கள் முடிந்திருந்தன. ஆட்டத்தைப் பற்றிய கருத்துவேறுபாடே காரணம் என்று பண்போடு சொல்லிப் போனார்.

காலியான இடத்துக்கு வந்தவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி வின்ஃபீல்ட் லிக்கெட். மீதி 47 ரப்பர்களை அவர் லென்ஸோடு ஆடினார். கல்பர்ட்சன் தரப்பின் முன்னிலை ஒரு கட்டத்தில் 20,000 புள்ளிகளையும் தாண்டியிருந்தது. கடைசி நாட்களில் லென்ஸும் லிக்கெட்டும் அதில் பாதிக்கு மேல் மீட்டார்கள். துணிச்சலிலும் கணக்கிலும் ஜேக்கபிக்கு ஈடான ஆட்டக்காரராக யாரும் லிக்கெட்டைச் சொல்வதில்லை. நல்ல சீட்டு விழுந்ததும் உதவியிருக்கலாம். ஆயினும் ஒருவர் ஏலத்தை மற்றவர் ஐயமின்றி நம்பக்கூடிய ஜோடியாக அவர்கள் அமர்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

முடிவும் மதிப்பீடும்

ஜனவரி 8 அன்று போட்டி நிறைவுற்றபோது கல்பர்ட்சன் தரப்பு 77 ரப்பர்களையும் லென்ஸ் தரப்பு 73 ரப்பர்களையும் வென்றிருந்தன. வித்தியாசமான 8,980 புள்ளிகளை வகுத்துப் பார்த்தால் ரப்பருக்கு 60, ஒரு கைக்குச் சுமார் 10 புள்ளிகள்தான் வருகின்றன. எதிராளி ஒரு கேம்கூட எடுக்காத நிலையில் ரப்பரை முடித்தாலே 700 புள்ளி வெகுமதி உண்டு. ஆகவே இந்த வித்தியாசம் சிறியது.

இதை வைத்து எந்த ஏல முறை உயர்ந்தது என்று சொல்ல முடியாது என்பதே பிற்கால ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. காரணம் ரப்பர் ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கையும் ஒருமுறை மட்டுமே ஆடப்படுகிறது. நல்ல சீட்டு யாருக்கு விழுந்ததோ அவருக்கே அதன் பயன். டூப்ளிகேட் முறையில் அப்படியில்லை. ஒரே கைகள் பலகைகளில் அடுக்கப்பட்டு மேசை மேசையாகச் செல்லும். அதே சீட்டுகளை வைத்து மற்ற ஜோடிகள் என்ன செய்தன என்பதோடு ஒப்பிட்டே மதிப்பெண். பெரும் போட்டிகள் அந்த முறைக்கு மாறியதற்கு இதுவே காரணம்.

மக்கள் மனத்தில் மட்டும் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டுவிட்டது. கல்பர்ட்சனின் நூல்கள் விற்றுத் தீர்ந்தன. 1940-களின் இறுதியில் சார்ல்ஸ் கோரனின் புள்ளி எண்ணும் முறை பரவும்வரை அவர் முறையே ஓங்கி நின்றது.

பின்விளைவுகள்

மேசையில் அத்தனை இணக்கமாக ஆடிய ஈலையும் ஜோசஃபினும் 1938-இல் மணவிலக்குப் பெற்றார்கள். ஃபான் செட்விட்ஸ் 1970-இல், 74-ஆம் வயதில், உலகக் கலப்பு ஜோடிகள் பட்டத்தை வென்றார். ஜேக்கபி அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னணியில் நின்று, 1983-இல், 81-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, வட அமெரிக்காவின் கடினமான அணிப் போட்டிகளுள் ஒன்றான ரைசிங்கர் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார்.

பந்தயம் முடிந்து இரண்டே ஆண்டுகளுக்குள் 'நான்கு ஏஸ்கள்' என்ற புதிய அணி உருவானது. அதில் டேவிட் பர்ன்ஸ்டைனோடும் ரிச்சர்ட் ஃபிரேயோடும் ஜேக்கபியும் சேர்ந்தார். அவரோடு அமர்ந்த மற்ற இருவர் ஷெங்கனும் காட்லீப்பும். லென்ஸ் பந்தயத்தில் எதிரணியில் ஆடிய அதே இருவர். 1935 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் ஐரோப்பிய வாகையரான பிரெஞ்சு அணியை இந்த அணி வென்றது. லென்ஸின் எதிரே அமர்ந்து 103 ரப்பர்களில் கிடைக்காத நம்பிக்கை, அன்றைய எதிராளிகளிடம் ஜேக்கபிக்குக் கிடைத்தது.