மகோகனி: சிற்றிலையும் பேரிலையும்

வேம்பும் மலைவேம்பும் அடங்கிய குடும்பத்திலே ஸ்வீட்டீனியா என்னும் பேரினத்தைச் சார்ந்த மகோகனி, அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்களுக்கு உரிய விருட்சம். வியன்னா அரசவை வைத்தியர் கெரார்ட் வான் ஸ்வீட்டனைக் கௌரவிக்கும் பொருட்டு, ஜாக்குவின் என்ற தாவர சாஸ்திரி 1760இல் இப்பேரினத்திற்கு நாமகரணம் செய்தார். இதன் மூன்று இனங்களுள் ஹூமிலிஸ் என்பது மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்துச் சிறுமரம். வாணிபத்தில் மகோகனி பெற்ற கீர்த்தியெல்லாம் மற்ற இரண்டையே சாரும்.

அவற்றுள் முதலில் புகழெய்தியது சிற்றிலை மகோகனி (ஸ்வீட்டீனியா மகாகனி). தென் புளோரிடா, பகாமாஸ், கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா ஆகிய இடங்களில் சுண்ணாம்புப் பாறை நிலத்தையும் கடற்காற்றையும் சகித்து மெல்ல வளர்வதால், இதன் வைரம் இழை நெருங்கிக் கனத்துச் செம்மை ஏறியிருக்கும். குடியேற்ற நாட்டு மரங்களுக்கு விதித்திருந்த தீர்வையைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1721இல் நீக்கவே, ஜமைக்கா மரம் லண்டன் தச்சுப்பட்டறைகளில் வந்து குவிந்தது. ஆங்கிலேயத் தச்சர் சிப்பெண்டேல் காலத்து நாற்காலிகளின் பெருமையில் பாதி இம்மரத்தைச் சேர்ந்ததென்றே சொல்லலாம். விளைவு, தீவுகளில் பெருமரங்கள் அருகிப்போயின.

வியாபாரிகளின் கண் பின்னர் திரும்பியது பேரிலை மகோகனியின் (ஸ்வீட்டீனியா மாக்ரோபில்லா) பக்கம். மெக்சிகோ முதல் பொலிவியா வரையில் பரவி, 40 மீட்டருக்கு மேலும் ஓங்கும் இம்மரம் காட்டில் கூட்டமாக நில்லாது சிதறி நிற்பதால், இன்று பெலீஸ் எனப்படும் நாட்டில் அக்காலத்தில் மரம் வெட்டிய அடிமைகளுள் தேர்ந்த ஒருவன் உயர்ந்ததொரு மரத்தின் உச்சியில் ஏறி, இலைநிற வேறுபாட்டைக் கொண்டே தொலைவிலுள்ள மகோகனிகளை அடையாளம் கண்டு வருவான். இவ்வளவு வெட்டப்பட்ட பின்னும் இம்மரத்திற்குத் நெடுங்காலம் தனிப் பெயர் அமையவில்லை என்பது விசித்திரமே. ஹொண்டுராஸ் விதைகளிலிருந்து கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்த மரங்களை ஆராய்ந்து, அத்தோட்டத்தின் தலைவர் ஜார்ஜ் கிங்தான் 1886இல் இது வேறினமென வெளியிட்டார்.

இரண்டையும் பிரித்தறிய இலையே போதுமான சாட்சி. சிற்றிலை மகோகனியின் கூட்டிலையிலுள்ள சிற்றிலைகள் சுமார் 5 சென்டிமீட்டர் நீளமே. பேரிலையில் அவை 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளும். காயும் அவ்வாறே: முன்னதன் மரக்காய் பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கும், பின்னது 15 சென்டிமீட்டரையும் எட்டும். இரண்டின் காயும் அடியிலிருந்து வெடித்துச் சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடும். அறுத்த பலகையை வைத்து இனம் சொல்வது மட்டும் கைதேர்ந்த தச்சருக்கும் எளிதன்று.

அருகருகே நட்டால் இவை சுலபமாகக் கலந்து கலப்பினம் தருகின்றன. அமெரிக்காவிலும் ஆசியாவிலும் குருத்துத் துளைப்பான் புழு இரண்டையும் தாக்குகிறது. தமிழ்நாட்டில் மகோகனி என்று விற்கும் நாற்றுகள் பெரும்பாலும் பேரிலை இனமே.

அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையிலும் இவ்விரண்டின் நிலை ஒன்றன்று. சிற்றிலை 1992இல் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. பேரிலைக்கு அக்கட்டுப்பாடு 2003இல்தான் அமலாயிற்று. அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரங்களுக்கே உரியதாதலால், பிஜித் தீவில் நட்டு வளர்த்த பேரிலைத் தோப்புகளின் பலகை அந்த விதிக்கு உட்படுவதில்லை.