சங்கிலியை அவிழ்த்தது யார்?

போன மாதம் ஒருநாள் மாலை, எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சார், பையனை ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்னு வீட்ல சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். பையனுக்கு இருபத்திரண்டு வயது. பத்து நாளாகத் தூக்கமில்லை. ஓயாத பேச்சு. இருக்கிற ஒரு மா நிலத்தை விற்றுப் பெரிய கம்பெனி தொடங்கப் போகிறானாம். இரண்டு மாதத்துக்கு முன்பு இதே பையன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு.

1984-இல் என் மச்சினனுக்கும் இப்படித்தான். திருவாடானைதான் என் மனைவியின் ஊர். நான் அப்போது காரைக்காலில் உத்தியோகத்தில் இருந்தேன். தந்தி வந்து ஓடி வந்தேன். கண்மாய் நிறைந்ததும் திருவாடானையிலிருந்து தொண்டிக்குப் படகு விடப் போவதாகச் சொல்லி, இரண்டு பேரிடம் முன்பணமும் வாங்கியிருந்தான். கண்மாயில் அந்த வருஷம் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. செய்வினை என்றார்கள் சிலர், திமிர் என்றார்கள் சிலர். கடைசியில் நானும் அவன் சித்தப்பாவும் இராமநாதபுரம், கீழக்கரை வழியாக பஸ்ஸில் கூட்டிப்போய் ஒரு தனியார் விடுதியில் விட்டோம். மாதப் பணம் பேசிக் கையெழுத்துப் போட்டவன் நான். காலில் சங்கிலி மாட்டியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து என் மாமியார் தனியாகப் போய் அவனைக் கூட்டி வந்துவிட்டார். "இன்னும் ஆறு மாசம் இருக்கட்டும்" என்று நான் கடிதம் எழுதியிருந்தேன்.

அந்தக் கடிதத்தை 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி நினைத்துக்கொண்டேன். அன்று அதிகாலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அது தர்கா நடத்திய இடம் அல்ல. தர்காவை நம்பி வருகிறவர்களை வைத்துப் பிழைத்த விடுதிகளில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் அப்படிப்பட்ட விடுதிகள் எல்லாம் மூடப்பட்டன. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2002 பிப்ரவரியில் அது இட்ட உத்தரவில் ஒரு பகுதியை நம்மில் பலர் கவனிக்கவில்லை. சங்கிலியால் கட்டுவது சட்ட விரோதம், நோயாளியை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்பதைக் கிராம மக்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு மத்திய, மாநில அரசுகளுக்கு உண்டு என்றது நீதிமன்றம். அதாவது, விடுதிக்காரர்களைத் தண்டித்தால் மட்டும் போதாது. என்னைப் போன்ற ஆட்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று பொருள்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். எங்கள் சரித்திர வாத்தியார் ஒரு கதை சொல்வார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் டாக்டர் பினேல் என்பவர் பாரிஸில் மனநோயாளிகளின் சங்கிலியை அறுத்தெறிந்தார் என்று. அதைப் பெரிய ஓவியமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகுதான் மீதிக் கதையைப் படித்தேன். பிசேத்ர் ஆஸ்பத்திரியில் 1797-இல் சங்கிலியைக் கழற்றியவர் பினேல் அல்ல. அவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டார். கழற்றியவர் பூசேன் என்ற மேற்பார்வையாளர். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கண்டமாலை கண்டு அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகச் சேர்ந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். மருத்துவப் படிப்பு கிடையாது. அவரும் அவர் மனைவியும் அந்த வார்டைப் பார்த்துக்கொண்டார்கள். நோயாளியை அடிக்கக் கூடாது என்று ஊழியர்களுக்குக் கட்டளை. குணமானவர்களிலிருந்தே ஊழியர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார். பட்ட கஷ்டம் தெரிந்தவன் கை ஓங்க மாட்டான் என்ற கணக்கு. பினேலே அவரிடம் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார்.

அதே பாரிஸில்தான் 1850-களில் ஃபால்ரே, பையார்ழே என்ற இரண்டு மருத்துவர்கள், உச்சத்துக்கு ஏறுவதும் பாதாளத்துக்கு இறங்குவதும் இரண்டு நோய் அல்ல, ஒரே நோய் என்று எழுதினார்கள். ஃபால்ரே வைத்த பெயர் 'ஃபோலி சிர்க்குலேர்', அதாவது வட்டமாகச் சுற்றி வரும் பைத்தியம். இன்று இருதுருவ மனநோய், பைபோலார் என்கிறோம். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் லித்தியம் உப்பு இதற்குக் கேட்கிறது என்று கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர முப்பத்தைந்து வருஷம் ஆனது.

குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு சொந்தக்காரர்களையும் தங்க வைத்தார். 1957-இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. 1975 முதல் பெங்களூர் நிமான்ஸ் மருத்துவர்கள் கிராம சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் மாவட்டத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்த சில மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் முஜாவர்களுக்கே பயிற்சி கொடுத்து, வருகிறவர்களை மருத்துவரிடம் அனுப்ப வைத்தார்கள். 'தவா-துவா', மருந்தும் பிரார்த்தனையும் என்று அதற்குப் பெயர். அந்த ஏற்பாடு பிற்பாடு ஏர்வாடிக்கும் வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

எங்கள் குடும்பத்துக்குப் பயிற்சி மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடைத்தது. மாமியார் மகனைக் கூட்டி வந்த கையோடு அங்கே போனோம். ஒரு டாக்டர் எங்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னதையும், பின்னாளில் அனுபவத்தில் கற்றதையும் தெருக்காரருக்குச் சொன்னேன்.

தூக்கம் குறைவதுதான் முதல் மணி. இரண்டு ராத்திரி விழித்தால் மூன்றாம் நாள் டாக்டரிடம் போக வேண்டும். ஏறி நிற்கும்போது வாதாடி ஜெயிக்க முடியாது. குரலைத் தாழ்த்திப் பேசி, நிலப் பத்திரத்தையும் வண்டிச் சாவியையும் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். இதை அவன் தெளிவாக இருக்கும் நாளில் அவனிடமே பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. இறங்கிக் கிடக்கும்போது சோம்பேறி என்று சொல்லக் கூடாது. சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்கவே கூடாது. குணமாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. லித்தியம் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. நம் ஊர் வெயிலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் மருந்து கூடிவிடும். கை நடுக்கம் அதிகமானாலோ, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. உடம்பு வலிக்கு மாத்திரையைக் கடையில் கேட்காமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். நோன்போ விரதமோ இருப்பதானால் முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டும்.

"இவ்வளவும் எங்களால ஆகுமா சார்?" என்றார்.

மூன்றாம் வகுப்போடு நின்ற என் மாமியாரால் ஆனது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா வைத்திருப்பார். மகன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று காலண்டர் தாளில் பென்சிலால் குறிப்பார். மச்சினன் அதன் பிறகு இருபத்தெட்டு வருஷம் இருந்தான். இரண்டு முறை மறுபடி ஏறியது, ஒரு முறை மோசமாக இறங்கியது. ஆனாலும் மளிகைக் கடை வைத்தான், பெண்ணைக் கட்டிக்கொடுத்தான். மாரடைப்பில்தான் போனான். கணுக்காலில் இருந்த தழும்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

தெருக்காரரின் போனில் 14416 என்ற எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். மறுநாள் பையனை இராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நானும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் அவன் அம்மா தயங்கித் தயங்கி, "வெள்ளிக்கிழமை தர்காவுக்குப் போய் ஓதிட்டு வரலாமா சார்?" என்று கேட்டார்.

தாராளமாகப் போகலாம் என்றேன். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், சாயங்காலம் பையனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.