வெட்டவெளியும் ஒரு கார்ப்பரலின் முடிவும்

1897 அக்டோபர் 20 அன்று, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கிலுள்ள தர்கை மேட்டுக்குக் கீழே, ஒரு சிறு வெட்டவெளியைக் கடக்க முடியாமல் பிரிட்டிஷ் இந்தியப் படை மணிக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. மேலே பாறைகளுக்குப் பின்னால் அஃப்ரிதி, ஒரக்சாய் பழங்குடியினர் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். இரண்டு நாளுக்கு முன்பு இதே மேட்டைப் பிடித்துவிட்டுக் காவல் வைக்காமல் இறங்கி வந்த படை அது. முதலில் கூர்க்காக்கள் ஓடினார்கள். முன்னால் ஓடியவர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்பக்கப் பாறை மறைவை எட்டி அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் நடுவெளியில் விழுந்தார்கள். அடுத்து டார்செட், டெர்பிஷயர் படையினர் சிறு சிறு குழுக்களாக முயன்றார்கள். அவர்களுக்கும் அதே கதி. பிற்பகலில் பீரங்கிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் மேட்டின் விளிம்பைச் சில நிமிடம் விடாமல் அடித்தன. அந்தச் சூட்டின் மறைவில் ஸ்காட்லாந்துப் படையினரான கார்டன் ஹைலாண்டர்கள் ஒருசேரப் பாய்ந்தார்கள். மேடு விழுந்தது. அன்று மாண்டவர்களும் காயப்பட்டவர்களுமாக ஏறத்தாழ 200 பேர்.

பிரிட்டிஷ் மக்கள் மனத்தில் தங்கியது அந்த ஹைலாண்டர்களில் ஒருவரான ஜார்ஜ் ஃபிண்ட்லேட்டரின் பெயர். கால்களில் குண்டு பாய்ந்து விழுந்த பிறகும் பைப் வாத்தியத்தை நிறுத்தாமல் வாசித்த அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்தத் துணிவு பெரிதுதான். ஆனால் காலையில் விழுந்த கூர்க்காக்களிடம் துணிவு குறைவாகவா இருந்தது? காலைக்கும் பிற்பகலுக்கும் இருந்த பெரிய வேறுபாடு, மேலே இருந்தவன் தலையைத் தூக்கிக் குறிபார்க்க முடிந்ததா இல்லையா என்பதே. சிறு குழுக்களாகப் போவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் ஆள் ஓடும்போது எதிரி எதிர்பார்த்திருக்க மாட்டான். அடுத்தடுத்த ஆள் ஓடும்போது துப்பாக்கி ஏற்கெனவே அந்த இடத்தை நோக்கி நிற்கும். வெட்டவெளியைக் கடப்பவனின் உயிர் அவன் கால்களை நம்பி இருப்பதைவிட, பின்னால் படுத்துச் சுடுகிறவனை நம்பியே அதிகம் இருக்கிறது. தர்கை சொன்னது இதைத்தான். வீரக்கதையின் ஆரவாரத்தில் இது காதில் விழவில்லை.

புரிந்துகொண்டவர்கள் இல்லாமல் இல்லை. எல்லைப்புறப் போர்களில் பழகிய பிரிட்டிஷ் தளபதி இயன் ஹாமில்டன், 1899 அக்டோபர் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் எலாண்ட்ஸ்லாக்டேயில் டெவன் படையினரை நன்றாக இடைவெளி விட்டுப் பரப்பி, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களை முன்னாலிருந்து சூட்டால் கட்டிப்போட்டார். மற்றவர்கள் பக்கவாட்டில் சுற்றி ஏறினார்கள். வெற்றி கிடைத்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 15 அன்று கொலென்சோவில் ஜெனரல் ஹார்ட் தம் ஐரிஷ் பிரிகேடை நெருக்கமான அணியில் துகேலா ஆற்றின் வளைவுக்குள் நடத்திச் சென்றார். மூன்று பக்கமும் போயர் துப்பாக்கிகள். 500 பேருக்கு மேல் இழப்பு. அணி கலைந்தால் சிப்பாய்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு. என் வாதத்தின் மையம் இந்த அச்சம்தான். வெட்டவெளியைக் கடக்கும் வழி தெரியாமல் படைகள் அழியவில்லை. அந்த வழிக்குத் தேவையான முடிவெடுக்கும் உரிமையை, எட்டுப் பத்துப் பேருக்குத் தலைவனான ஒரு கார்ப்பரலிடம் ஒப்படைக்க மேலதிகாரிகளுக்கு மனம் வரவில்லை.

முதல் உலகப் போரிலும் இதே கதைதான். 1916 ஜூலை 1, சோம் சண்டையின் முதல் நாள், பிரிட்டன் 57,470 பேரை இழந்தது. அவர்களில் 19,240 பேர் இறந்தார்கள். எல்லாரும் வரிசையாக நடந்துபோய் மடிந்தார்கள் என்று சொல்வது மிகை. பல பட்டாளங்கள் வேறு வழிகளையும் கையாண்டன. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நீண்ட பயிற்சி இல்லை, ஆகவே அலை அலையாகப் போவதே பொருத்தம் என்ற எண்ணம் நான்காம் படையின் தலைமையிடம் இருந்தது. இது நியாயமான வாதம்தானே என்று கேட்கலாம். அதே நாள், அதே புதியவர்களைக் கொண்ட 36-வது அல்ஸ்டர் டிவிஷன் இதற்குப் பதில் சொல்கிறது. பீரங்கிச் சூடு ஓய்வதற்கு முன்பே அவர்கள் பதுங்குகுழியை விட்டு முன்னேறி, ஜெர்மன் முள்வேலிக்கு அருகில் படுத்திருந்தார்கள். சூடு தள்ளிப்போனதும் பாய்ந்து ஷ்வாபன் அரணைப் பிடித்தார்கள். இரு பக்கத்திலும் மற்றப் படைகள் தோற்றதால் மாலையில் அதை விட வேண்டி வந்தது. பயிற்சி குறைந்தவர்களாலும் வெளியைக் கடக்க முடிந்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வெட்டவெளியைத் திறந்துவிட்டது பீரங்கிதான், சிறு குழுக்களின் தந்திரம் அல்ல என்பது. பாதி உண்மை. தர்கையிலும் பீரங்கிதான் வழி திறந்தது. காலாட்படைக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகும் பீரங்கிச் சூடு இல்லாமல் 1917-ல் பெரும்பாலான பெரிய தாக்குதல்கள் வென்றிருக்காது. ஆனால் அந்தச் சூடு கடிகாரப்படி நகர்வது. குண்டுக்குழியில் தப்பிக் கிடந்த ஒரே ஒரு மெஷின் கன் முன்னேறுபவர்களை நிறுத்திவிட்டால், சூடு அவர்களை விட்டுத் தூரம் போய்விடும். திரும்ப அழைக்கத் தொலைபேசிக் கம்பி இருக்காது. அங்கே என்ன செய்வது என்று அந்த இடத்தில் இருப்பவன்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதற்குக் கருவியும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1914-ல் ஒரு பிரிட்டிஷ் பட்டாளம் முழுவதற்கும் 2 மெஷின் கன்கள்தான். ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய லூயிஸ் துப்பாக்கி பிளட்டூன் அளவுக்கு வந்த பிறகுதான் சிறு குழு தானே தனக்குக் காப்புச்சூடு தர முடிந்தது. 1917 பிப்ரவரியில் வெளியான பிரிட்டிஷ் கையேடு பிளட்டூனை நான்கு செக்‌ஷன்களாகப் பிரித்தது: கையெறி குண்டு, லூயிஸ் துப்பாக்கி, ரைஃபிள், ரைஃபிள் முனையிலிருந்து எறியும் குண்டு. லூயிஸ் துப்பாக்கியும் ரைஃபிள் குண்டுகளும் எதிரியைத் தலைகுனிய வைக்கும். அந்தச் சில நொடிகளில் மற்ற இரு செக்‌ஷன்களும் வெளியைத் தாண்டிப் பக்கவாட்டில் பாயும். பிரெஞ்சு கேப்டன் லஃபார்க் 1915-லேயே இத்திசையில் எழுதிவிட்டார். ஜெர்மனியின் ரோர் அதே ஆண்டில் தம் தாக்குதல் படையைப் பழக்கத் தொடங்கிவிட்டார்.

ஆயுதம் வராததால் ஏற்பட்ட தாமதத்துக்கு அந்தத் தளபதிகளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கொலென்சோவில் ஹார்ட்டுக்குப் புதிய ஆயுதம் எதுவும் தேவைப்படவில்லை. ஆட்களைப் பரப்பியிருந்தாலே போதும், எலாண்ட்ஸ்லாக்டே அதைக் காட்டியிருந்தது. அங்கே விழுந்த 500 பேரின் கணக்கு தலைமையின் பொறுப்பில்தான் சேரும்.