ஏரி இருந்த இடம்

சென்னைத் தியாகராய நகரில் நடக்கும்போதெல்லாம், ஒரு பழைய ஏரியின் தரையில் நடக்கிறோம் என்னும் எண்ணம் எனக்கு எழுவதுண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த அந்நீர்நிலையை ஆங்கிலேயர் ‘லாங் டாங்க்’ என்றனர்.

நகரில் மக்கள் பெருகினர், வீடுகள் போதவில்லை. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தை அடுத்து, மாம்பலம் குடியிருப்புத் திட்டம் உருவாயிற்று. ஏரி படிப்படியாக மனைகளாயிற்று. 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரைப் புதுநகர் ஏற்றது. நடுவே பனகல் அரசர் பெயரால் பூங்கா. உஸ்மான், டாக்டர் நாயர் ஆகியோர் பெயர்களால் சாலைகள். நீதிக்கட்சியின் வரலாற்றை இங்கே தெருப்பலகைகளிலேயே படித்துவிடலாம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலவாசிகள் அலுவலகம் சென்று வருவது எளிதாயிற்று.

வசதிகள் வந்தன, ஏரி போயிற்று. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ சாலை இன்றும் உண்டு. காண்பதற்கு ஏரிதான் இல்லை. ஆயினும், பெருமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தை மறவாமல் தேடி வருகிறது. மாணவர்களே! உங்கள் ஊர்த் தெருவின் பெயர்க்காரணத்தையும் பெரியோரிடம் கேட்டறியுங்கள். நிலம் மறைத்ததைப் பெயர் சொல்லிவிடும்.