துண்டும் விசாவும்

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு மாலையில் நம்மைத் தேடி வந்தார். கையில் குவைத் நாட்டு விசாவின் நகல் ஒன்று இருந்தது. "ஐயா, கடை வேலைன்னுதான் சொன்னாங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். முகவருக்கு முன்பணமாக எழுபதாயிரம் ரூபாய் கொடுத்தாகிவிட்டது. தாளில் 20 என்றோர் எண் இருந்தது. அதன் பொருள் நமக்கும் தெரியவில்லை. குவைத்தில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய அன்பர் ஒருவரிடம் கேட்டே தெளிந்தோம். அங்கே தனியார் நிறுவன ஊழியருக்கு உரியது 18ஆம் பிரிவு. 20ஆம் பிரிவோ வீட்டுப் பணியாளருக்கு உரியது. 'காதிம் விசா' என்பார்கள். அதில் போகிறவர் பொதுவான தொழிலாளர் சட்டத்தின் எல்லைக்கு வெளியே, தனிச் சட்டத்தின் கீழ் நிற்பவர். அவர் கடையில் நின்று வேலை பார்த்தால் அதுவே குற்றமாகும்.

விசா என்பதற்கு 'நுழைவிசைவு' என்று தமிழாக்கம் செய்திருக்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் அந்த இசைவு யார் யாருக்குத் தந்த இசைவு என்னும் வினா அன்று முதல் நம்மை விடவில்லை. நம் பகுதியின் வரலாற்றைப் புரட்டினால் இவ்வினா பழையது என்பது புலப்படும்.

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமார் பின்னால் கண்டிச்சீமைக்குப் போனார்கள். அன்று அவர்களுக்குக் கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாட்டின்படி, எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் குறிக்கும் எண் பொறித்த தகர வில்லை ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைக் காட்டினால் வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டப் பொதிகளுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலையில் படித்திருக்கிறோம். அங்கே பொறி பண்டத்துக்கு, இங்கே ஆளுக்கு.

தோட்டத்தை அடைந்தபின் வந்தது இன்னொரு தாள். அதற்குப் பெயர் 'துண்டு'. துரைமாரும் தம் ஆங்கில ஆவணங்களில் இத்தமிழ்ச் சொல்லையே ஆண்டனர். கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் உள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. வேறு தோட்டத்துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடனோ ஆளின் தலையிலேயே இருக்கும். கடன்காரர் மட்டும் மாறுவார். துண்டு இல்லாமல் போனவர் தண்டனைக்கு உரியவர். 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. கங்காணியின் பிடி அதனோடு ஒழிந்துவிடவில்லை.

இனி வளைகுடாவுக்கு வருவோம். அங்கே அயலார் ஒவ்வொருவருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பாளராக நிற்கும் முறைக்குக் 'கஃபாலா' என்று பெயர். பொறுப்பாளர் 'கஃபீல்'. இது பாலைவனத்துத் தொல்மரபு என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் இன்றைய வடிவில் அதன் வேர், 1920களில் பஹ்ரைனில் முத்துக்குளிக்க வந்த அயலாரைக் கட்டுப்படுத்தப் பிரித்தானிய அதிகாரிகள் செய்த ஏற்பாடுகளில் இருக்கிறது என்று அண்மைக்கால ஆய்வாளர் காட்டியிருக்கின்றனர். 1947 வரை வளைகுடாவின் பிரித்தானிய நிருவாகம் இந்திய அரசோடு இணைந்திருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே 1959இல் தனி ரூபாய் அச்சிட்டது. தேயிலைத் தோட்டத்தையும் முத்துச் சலாபத்தையும் ஆண்டது ஒரே பேரரசு. உழைப்பவரை ஒரு முதலாளியின் பெயரோடு கட்டிவைக்கும் சிந்தனையும் இரண்டு இடங்களிலும் ஒன்றே.

1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடாவுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். அன்று முதல் இன்றுவரை வேலை விசாவுக்கு முதலில் விண்ணப்பிப்பவர் தொழிலாளி அல்லர், முதலாளியே. இத்தனை ஆள், இன்ன தொழில் என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அவர் அனுமதி பெறுவார். அதன்மேல் தொழிலாளியின் பெயருக்கு நுழைவுச் சீட்டு வரும். இங்கே மருத்துவச் சோதனை, அங்கே மறுபடியும் ஒரு சோதனை. பிறகு சவுதியில் 'இக்காமா' எனப்படும் குடியிருப்பு அட்டை. வேலை மாற வேண்டுமானால் பழைய முதலாளி 'ரிலீஸ்' தரவேண்டும் என்பதே நெடுங்காலம் விதி. தராமல் வெளியேறினால் 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று பதிவாகும். பெயர் மாறிய துண்டு என்பதன்றி இதை வேறென்ன சொல்வது? 2009இல் பஹ்ரைனும், 2020இல் கத்தாரும், 2021இல் சவுதியும் இவ்விதியைப் பல்வேறு அளவில் தளர்த்தின. சவுதியின் அத்தளர்வு வீட்டுப் பணியாளரை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலாளிக்குக் கிடைக்கும் இந்த அனுமதியே விலைப்பொருளாகிவிடுகிறது. கஃபீல் ஒருவர், வேலை வேறிடம். தாளுக்கு மட்டும் விலை. இதற்கு 'ஃப்ரீ விசா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் இலவசமும் இல்லை, விடுதலையும் இல்லை.

நம் அரசு வாளாவிருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1922இல் ஒரு குடிபெயர்வுச் சட்டம், 1983இல் மற்றொன்று. பின்னதன்படி முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெறத்தக்க கட்டணம் வரியன்றி 30,000 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்குப் போகுமுன், குடிபெயர்வோர் பாதுகாவலர் அவருடைய ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தரவேண்டும். தேறியவருக்கு அது வேண்டியதில்லை. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது கருத்து. நம் மாணவர் இளங்கலைப் பட்டதாரி. ஆகவே அவர் ஒப்பந்தத்தை எந்த அலுவலரும் பார்க்கப்போவதில்லை. நாம் கற்பித்த கல்வி அவருக்குச் செய்த உதவி இது!

அப்படியானால் அவர் ஏன் போகவேண்டும்? 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் உற்பத்தி நடத்தும் வழக்கம் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. இங்கும் தாள் ஒருவருடையது, உயிர் இன்னொருவருடையது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததும் இம்மக்களுக்கு மறக்கவில்லை. பட்டாசு ஆபீஸில் வாங்கிய முன்பணத்தை அடைக்காமல் வேறிடம் போவது எளிதன்று என்பதை இவ்வூர்ப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மாணவரின் தாயார் அப்படி முன்பணம் வாங்கித்தான் அந்த எழுபதாயிரத்தில் ஒரு பகுதியைப் புரட்டியிருந்தார். ஒரு துண்டிலிருந்து மீள இன்னொரு துண்டு.

கண்டிச்சீமைக்குப் போனவர் எவரும் தம் துண்டைத் தாமே எழுதிக்கொள்ளவில்லை. இன்றைய தாளும் அப்படித்தான். ஆனால் அதைப் படித்துப் பார்க்க இன்று வழியுண்டு. முகவரின் பதிவை 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். விசாவின் பிரிவு எது, தொழில் எது என்று போய்வந்தவரிடம் கேட்கலாம். நாம் தேடியபோது அந்த முகவரின் பெயர் பதிவில் இல்லை.

மாணவர் அந்த விசாவில் போகவில்லை. கொடுத்ததில் பாதி திரும்பி வந்தது, மறுபாதி வரவில்லை. தாயாரின் முன்பணம் தீரும்வரை அவரும் பட்டாசு ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் மறுபடியும் ஒரு தாளோடு வந்திருந்தார். இம்முறை 18 என்றிருந்தது. முகவரின் பதிவு எண்ணை அவரே தேடிப் பார்த்து, தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.