செபாஸ்டியன் காஸ்டெல்லியோ: ஐயப்படும் கலை

செபாஸ்டியன் காஸ்டெல்லியோ (1515 – டிசம்பர் 29, 1563) 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைச் சேர்ந்த கிறித்தவ அறிஞர், விவிலிய மொழிபெயர்ப்பாளர், பாசல் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர். கோட்பாட்டில் மாறுபடுபவர்களைக் கொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்று ஜெனீவாவின் சமயத் தலைவர் ஜான் கால்வினுக்கு எதிராக வாதிட்டார். அவர் இறைமறுப்பாளர் அல்லர். இறுதிவரை சீர்திருத்தச் சபையின் உறுப்பினராகவே வாழ்ந்தார். கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கு எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்த்ததும், தெளிவில்லாத இடங்களில் ஐயப்படுவதை நம்பிக்கையின் ஒரு பகுதியாக ஏற்றதும் அவருடைய பங்களிப்புகள்.

பின்னணி

மார்ட்டின் லூத்தர் 1517-இல் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் ரோமாபுரியின் அதிகாரத்தை மறுத்து, வேதாகமமே இறுதி ஆதாரம் என்றது. வேதாகமத்துக்குச் சரியான பொருள் சொல்பவர் யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. விட்டன்பெர்க், சூரிச், ஜெனீவா ஆகிய நகரங்கள் வெவ்வேறு விடைகளைச் சொன்னன. ஒவ்வொரு நகரமும் தன் விடையைக் கோட்பாடாக எழுதி, சட்டமாகவும் ஆக்கியது. ஒருகாலத்தில் துன்புறுத்தப்பட்டவர்கள் தாங்கள் ஆளும் நகரங்களில் மற்றவர்களைத் துன்புறுத்தும் நிலை உருவானது. காஸ்டெல்லியோவின் வாழ்க்கை இந்தத் திருப்பத்தில் நிகழ்ந்தது.

இளமையும் ஜெனீவாவும்

காஸ்டெல்லியோ அன்றைய சவாய் நாட்டில் செயிண்ட் மார்ட்டின் து ஃப்ரேன் என்ற சிற்றூரில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். லியோன் நகரில் படித்து லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளில் தேர்ச்சி பெற்றார். 1540-இல் லியோனை விட்டு வெளியேறி ஸ்ட்ராஸ்பர்க் சென்றார். அங்கே வாழ்ந்துவந்த கால்வினின் வீட்டில் சிறிது காலம் தங்கினார்.

1541-இல் கால்வின் ஜெனீவாவுக்குத் திரும்பினார். காஸ்டெல்லியோவும் அங்கு சென்று பள்ளித் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார. வேதாகமக் கதைகளை உரையாடல் வடிவில் எழுதி, சிறுவர்களுக்கான லத்தீன் பாடநூலாக்கினார். அந்நூல் அவர் இறந்த பின்னும் நெடுங்காலம் ஐரோப்பியப் பள்ளிகளில் பயன்பட்டது.

அவர் சபை ஊழியராக விரும்பியபோது இரண்டு கருத்துகள் தடையாக வந்தன. பழைய ஏற்பாட்டின் உன்னதப்பாட்டு ஒரு காதல் பாடல் என்பது காஸ்டெல்லியோவின் எண்ணம். கால்வின் அதை மறைபொருள் கொண்ட புனித நூலாகக் கொண்டார். அடுத்தது, விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று வரும் வரி. அது சிலுவையில் கிறிஸ்துவின் ஆன்மா அடைந்த வேதனையைக் குறிக்கிறது என்ற கால்வினின் விளக்கத்தைக் காஸ்டெல்லியோ ஏற்கவில்லை. தன் மனம் ஒப்பாததை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்திட அவர் மறுத்தார்.

1544-இல் அவருக்கு ஊழியப் பொறுப்பு மறுக்கப்பட்டது. அவர் கேட்டுக்கொண்டபடி கால்வின் ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தார். காஸ்டெல்லியோவின் நடத்தையில் களங்கம் இல்லை, இந்த இரு கருத்துவேறுபாடுகளே காரணம் என்று அக்கடிதம் கூறியது. அதன் பிறகு அவர் வெளிப்படையாக ஊழியர்களை விமர்சித்தது பிளவை முழுமையாக்கியது. அவர் ஜெனீவாவை விட்டு நீங்கினார்.

பாசலில்

1545-இல் பாசல் நகரில் ஒப்போரினஸ் என்பவரின் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்தார். பெரிய குடும்பம், குறைந்த வருமானம். ரைன் ஆற்றில் வெள்ளம் வரும்போது மிதந்துவரும் கட்டைகளைத் துறட்டியால் இழுத்துச் சேர்த்து அடுப்பெரித்தார். பின்னாளில் கால்வின் அவரை விறகு திருடியவர் என்று குற்றஞ்சாட்டினார். வெள்ளம் கொண்டுவரும் கட்டை பொதுச்சொத்து, நகர மக்கள் பலரும் வெளிப்படையாகச் செய்த வேலை அது என்று காஸ்டெல்லியோ பதில் எழுதினார்.

இந்த வறுமையில்தான் அவர் வேதாகமம் முழுவதையும் இருமுறை மொழிபெயர்த்தார். 1551-இல் வெளிவந்த லத்தீன் மொழிபெயர்ப்பு, பண்டைய ரோமானிய எழுத்தாளர்களின் நடையை ஒட்டியது. 1555-இல் வெளிவந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கல்லாத மக்களுக்கானது. அதற்காகப் பேச்சுவழக்கை எடுத்துக்கொண்டு புதுச்சொற்களையும் உருவாக்கினார். தனக்கு விளங்காத பகுதிகளில் இந்த இடம் எனக்குப் புரியவில்லை என்ற பொருளில் குறிப்பு எழுதினார். வேதாகமம் எல்லா இடத்திலும் தெளிவானது என்று சொல்லிவந்த காலத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அப்படி எழுதுவது துணிச்சலான செயல். அவருடைய பிற்காலச் சிந்தனையின் விதை அக்குறிப்புகளில் இருக்கிறது.

1553-இல் பாசல் பல்கலைக்கழகம் அவரைக் கிரேக்கப் பேராசிரியராக நியமித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனீவாவில் ஒருவர் எரிக்கப்பட்டார்.

செர்வெட்டஸ் எரிக்கப்படுதல்

மிகுவேல் செர்வெட்டஸ் ஸ்பெயினின் அரகான் பகுதியைச் சேர்ந்த மருத்துவர். ரத்தம் நுரையீரல் வழியாகச் சென்று திரும்புவதை ஐரோப்பாவில் முதலில் அச்சில் விவரித்தவர். திரித்துவக் கோட்பாட்டுக்கு வேதாகமத்தில் ஆதாரம் இல்லை என்று 1531-இல் எழுதினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் மறுத்தார்.

1553-இல் பிரான்சின் வியன் நகரில் கத்தோலிக்க விசாரணை மன்றம் அவரைக் கைதுசெய்தது. அதற்குப் பயன்பட்ட சான்றுகளில் அவர் கால்வினுக்கு எழுதிய கடிதங்களும் இருந்தன. சிறையிலிருந்து தப்பிய செர்வெட்டஸ் ஜெனீவாவுக்கு வந்தார். ஆகஸ்ட் 13 அன்று அங்கே ஆராதனைக்குச் சென்றபோது அடையாளம் காணப்பட்டுக் கைதானார். கால்வின் குற்றச்சாட்டுகளைத் தயாரித்து அவருக்கு எதிராக வாதிட்டார். தீர்ப்பு வழங்கியது நகர மன்றம். சூரிச், பெர்ன், பாசல், ஷாஃப்ஹௌசன் சபைகளிடம் மன்றம் கருத்துக் கேட்டது. எல்லாச் சபைகளும் செர்வெட்டஸைக் குற்றவாளி என்றே கருதின. எரிப்பதற்குப் பதிலாகத் தலையை வெட்டலாம் என்று கால்வின் கேட்டார். மன்றம் ஏற்கவில்லை.

1553 அக்டோபர் 27 அன்று ஷாம்பெல் மேட்டில் செர்வெட்டஸ் உயிருடன் எரிக்கப்பட்டார். நெருப்பில் அவர் இயேசுவை நித்தியக் கடவுளின் மகன் என்று அழைத்து இரங்கும்படி மன்றாடினார் என்று கூறப்படுகிறது. நித்திய மகன் என்று அவர் சொல்லவில்லை. ஒரு சொல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அங்கே உயிரின் விலையாக இருந்தது. இறந்தவரும் எரித்தவர்களும் ஒரே இயேசுவை நோக்கி வேண்டியவர்கள்.

பதிதர் யார்?

1554 தொடக்கத்தில் கால்வின் தண்டனையை நியாயப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த சில வாரங்களில் ‘பதிதர்களைத் துன்புறுத்தலாமா’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு லத்தீன் நூல் வந்தது. (திருச்சபைக் கோட்பாட்டிலிருந்து விலகியவரைப் பதிதர் என்பது பழைய தமிழ்க் கிறித்தவ வழக்கு.) ஆசிரியர் பெயர் மார்ட்டினஸ் பெல்லியஸ் என்றும் அச்சிட்ட ஊர் மாக்டபர்க் என்றும் அதில் இருந்தது. இரண்டும் பொய். நூல் பாசலில் உருவானது, அதன் பின்னால் இருந்தவர் காஸ்டெல்லியோ.

இது ஒரு தொகைநூல். அகஸ்டின், கிறிசோஸ்தோம், எராஸ்மஸ், லூத்தர், பிரென்ஸ் முதலியோர் கட்டாயத்துக்கு எதிராக எழுதிய பகுதிகள் இதில் சேர்க்கப்பட்டன. கால்வினே முன்பு எழுதிய மென்மையான வரிகளும் இடம்பெற்றன. காஸ்டெல்லியோ எழுதிய முன்னுரையே நூலின் மையம். அதில் ஓர் உவமை வருகிறது. ஓர் அரசன் தன் மக்களிடம், நான் திரும்பி வரும்போது வெள்ளாடை அணிந்து காத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மக்களோ ஆடையை மறந்து, அரசன் குதிரையில் வருவானா தேரில் வருவானா என்று வாதிட்டுக் கத்தி எடுக்கிறார்கள். வெள்ளாடை என்பது தூய வாழ்க்கை, அன்பு, மன்னிப்பு. எஞ்சியவை அரசனின் வருகை பற்றிய ஊகங்கள்.

பதிதர் என்ற சொல்லை ஆராய்ந்து தான் கண்டதையும் அவர் அதில் எழுதினார். நம்மோடு கருத்தில் மாறுபடுபவரையே நாம் அப்படி அழைக்கிறோம். ஒரு நகரத்தில் உண்மை விசுவாசியாக இருப்பவர் அடுத்த நகரத்தில் பதிதர் ஆகிறார். கொலையும் களவும் தீமை என்பதில் எல்லா மக்களும் ஒத்துப்போகிறார்கள். திரித்துவம், முன்குறித்தல், திருவிருந்து ஆகியவற்றில் ஒத்துப்போவதில்லை. அவை ஐயமின்றித் தெளிவாக இருந்திருந்தால் இத்தனை சண்டை வந்திருக்காது என்பது அவர் வாதம்.

கால்வினின் உதவியாளர் தியோடர் பெஸா அதே ஆண்டு மறுப்பு எழுதினார். கோட்பாட்டில் ஐயத்துக்கு இடம் கொடுத்தால் சபையே கலைந்துவிடும் என்பது ஜெனீவாவின் அச்சம். ஆன்மாவைக் கெடுப்பவன் உடலைக் கொல்பவனைவிடக் கொடியவன் என்று அக்காலத்தில் பெரும்பாலோர் நம்பினர். அந்த நம்பிக்கையிலிருந்து பார்த்தால் தண்டனை ஓர் அரசின் கடமையாகத் தெரிந்தது.

கால்வினின் நூலுக்கு வரிக்கு வரி பதிலளித்துக் காஸ்டெல்லியோ இன்னொரு நூல் எழுதினார். கோட்பாட்டைக் காப்பது போதகரின் வேலை, வாளுக்கு அதில் இடமில்லை, ஒரு மனிதனைக் கொல்வதால் ஒரு கருத்து காக்கப்படுவதில்லை என்பது அதன் சாரம். அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1612-இல்தான் நெதர்லாந்தில் வெளிவந்தது.

அவருடைய சகிப்புக்கும் எல்லை உண்டு. கடவுளையே மறுப்பவர்களை அரசு தண்டிப்பதற்கு அவர் இடம் விட்டுவைத்தார். இன்றைய பொருளில் மதச்சார்பின்மை பேசியவராக அவரைக் கருத முடியாது. அவர் பேசியது நம்பிக்கையாளர்களிடையே நம்பிக்கையின் பெயரால் நடக்கும் கொலையைப் பற்றி.

ஐயப்படும் கலை

1562-இல் பிரான்சில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தவாதிகளுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. காஸ்டெல்லியோ பெயர் குறிப்பிடாமல், துயருற்ற பிரான்சுக்கு அறிவுரையாக ஒரு சிறுநூல் எழுதினார். நோயின் வேர் மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்துவது, இரு தரப்பும் அதையே செய்கின்றன, இரு சபைகளையும் நாட்டில் அனுமதிப்பதே மருந்து என்றார். 1563-இல் லியோனில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் மாமன்றம் அந்நூலைக் கண்டித்தது. போர்கள் ஓய 1598-இல் நாந்த் அரசாணை வர வேண்டியிருந்தது.

1563-இல் அவர் தன் கடைசி நூலை எழுதத் தொடங்கினார். ஐயப்படுதல், நம்புதல், அறியாதிருத்தல், அறிதல் ஆகிய நான்கையும் கலைகளாகத் தலைப்பிலேயே வைத்த நூல் அது. எங்கே நம்ப வேண்டும், எங்கே ஐயப்பட வேண்டும் என்று தெரியாமல் கலப்பதே பிழை என்பது அதன் அடிப்படை. ஐயத்துக்குரியதை உறுதியென்று பிடித்துக்கொள்பவன் பிறரைத் தண்டிக்கிறான். உறுதியானதை ஐயப்படுபவன் தானே வழி தவறுகிறான். ஆகவே ஐயம் நம்பிக்கையின் எதிரி அல்ல, அதைக் காக்கும் வேலி.

அந்தப் பிரிவினைக்குக் கருவியாக அவர் புலனறிவையும் பகுத்தறிவையும் முன்வைத்தார். எழுத்துகளும் சடங்குகளும் தோன்றுவதற்கு முன்பே கடவுள் மனிதனுக்குக் கொடுத்தது பகுத்தறிவு என்றார். வேதாகமத்தில் கடவுளின் வெளிப்பாடு, கண்டவர்களின் சாட்சியம், மனிதர்களின் போதனை ஆகியவை கலந்திருக்கின்றன, மூன்றையும் ஒரே வகையாக வாசிக்கக் கூடாது என்றார். இந்த நூல் முற்றுப்பெறவில்லை. கைப்பிரதியாக ரோட்டர்டாமில் பாதுகாக்கப்பட்டு, முழுப் பதிப்பாக 1981-இல்தான் வெளிவந்தது.

இறுதிக்காலம்

ஜெனீவாவிலிருந்து தாக்குதல்கள் தொடர்ந்தன. 1560-இல் அங்கே அச்சான புதிய ஏற்பாட்டின் முன்னுரை அவரைச் சாத்தானின் கருவி என்றது. இத்தாலியச் சீர்திருத்தவாதி ஒக்கினோவின் உரையாடல்களை லத்தீனில் மொழிபெயர்த்ததற்காக 1563-இல் பாசலில் அவர்மீது குற்றச்சாட்டு வந்தது. விசாரணை முடியுமுன்பே, டிசம்பர் 29 அன்று, தன் 48-ஆம் வயதில் காஸ்டெல்லியோ காலமானார்.

வரலாற்று இடம்

காஸ்டெல்லியோவின் நூல்கள் முதலில் நெதர்லாந்தில் வாசகர்களைப் பெற்றன. கால்வினிய முன்குறித்தல் கோட்பாட்டை மறுத்த ஆர்மீனியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கண்டனர். 1892-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்டினாண்ட் புய்சோன் அவரைப் பற்றி விரிவான வாழ்க்கை வரலாறு எழுதினார். பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இதே புய்சோன்.

நாஜி ஆட்சிக் காலத்தில், 1936-இல், ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய நூல் காஸ்டெல்லியோவை உலகறியச் செய்தது. அதில் கால்வின் ஒரு சர்வாதிகாரியாக வருகிறார். நகர மன்றத்தோடு கால்வினுக்கு இருந்த இழுபறியையும் அக்காலச் சட்ட வழக்கங்களையும் ஸ்வைக் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டுகின்றனர். செர்வெட்டஸை எரித்தது ஒரு தனிமனிதனின் கொடுமை மட்டும் அல்ல. தன் உறுதியை ஒருபோதும் சோதித்துப் பார்க்காத ஒரு காலத்தின் பொது முடிவு அது. காஸ்டெல்லியோவின் கேள்வி அந்தப் பொது முடிவை நோக்கியது என்பதாலேயே அவர் தனித்து நின்றார்.

1903-இல், செர்வெட்டஸ் எரிக்கப்பட்டு 350 ஆண்டுகள் ஆனபோது, ஷாம்பெலில் ஒரு நினைவுக்கல் நடப்பட்டது. நட்டவர்கள் கால்வின் வழிவந்த சபையினர். கால்வினைத் தங்கள் ஆசானாக மதித்தபடியே அவருடைய செயலைப் பிழை என்று அவர்கள் அக்கல்லில் பொறித்தனர். மரபுக்குள் இருந்துகொண்டே மரபின் பிழையைச் சொல்லலாம் என்று காஸ்டெல்லியோ வாதிட்டது, அவர் வெளியேற நேர்ந்த நகரத்திலேயே கல்வெட்டாகியது.