பிம்

கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘பிம்’ ஆயின. சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1975-இல் இக்கருத்தைக் ‘கட்டட விவரிப்பு முறைமை’ என்ற பெயரில் எழுதினார். ‘கட்டடத் தகவல் மாதிரி’ என்ற தொடர் 1992-இல் வான் நெடர்வீன், டோல்மன் எழுதிய கட்டுரையில் இடம்பெற்றது. 2002 முதல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதைப் பரவலாக்கியது.

‘மாதிரி’ என்றதும் முப்பரிமாணப் படம் என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் உயிர் நடுச்சொல்லில் இருக்கிறது: தகவல். சாதாரண வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம்மில் அதே சுவருக்குத் தடிமன், செங்கல்லா பிளாக்கா, எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் (அதுதான் யு-மதிப்பு), எந்தத் திசை பார்க்கிறது என்பதெல்லாம் உண்டு. இவற்றை ஜிபிஎக்ஸ்எம்எல் என்ற பரிமாற்றக் கோப்பாக ஆற்றல் கணிக்கும் மென்பொருளுக்கு அனுப்பினால், மேற்குச் சன்னலைச் சிறிதாக்கினால் ஏசியின் சுமை எவ்வளவு குறையும் என்று அஸ்திவாரம் தோண்டுமுன்பே மதிப்பிடலாம். தகவல் பிசகினால் கணக்கும் பிசகும்; படம் மட்டும் (அதுதான் சங்கடம்) அழகாகவே இருக்கும்.

பிம் செய்து தருகிறேன் என்பவரிடம் படத்தைக் கேட்காதீர்கள்; சுவரின் யு-மதிப்பைக் கேளுங்கள்.